கல்லறையிலிருந்து மீண்ட தொடர்

கல்வெட்டும் ஏடும் மட்டுமே வரலாற்றின் மூலங்கள் என்னும் கருத்து இன்று வலுவிழந்துவிட்டது. ஒரு சமுதாயம் ஓய்வு வேளையில் எதைக் கண்டு மகிழ்ந்தது, எதைக் கண்டு அஞ்சியது என்பனவும் அதன் வரலாற்றின் கூறுகளேயாம். ஆயின், கல்லிற் பொறித்ததைப் போன்று ஒளிநாடாவிற் பதிந்தது நிலைப்பதில்லை. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1963 நவம்பர் 23ஆந் திகதி ஆரம்பித்த 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரில் இடம்பெற்ற 'சைபர்மனிதரின் கல்லறை' என்ற கதை இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கதை 1967 செப்டெம்பர் 2ஆந் திகதி முதல் 23ஆந் திகதி வரை, சனிக்கிழமைதோறும் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. மருத்துவ ஆராய்ச்சியாளரான கிற் பெட்லரும் ஜெரி டேவிசும் இதனை எழுதினர். மொறிஸ் பரி நெறிப்படுத்தினார். உடலுறுப்புக்களுக்குப் பதிலாக இயந்திரங்களைப் பொருத்திப் பொருத்தி, ஈற்றில் உணர்ச்சியையே இழந்துவிட்டவர்கள் சைபர்மனிதர். டெலோஸ் என்னும் கோளில் உறைநிலையிற் கிடக்கும் அவர்களது கல்லறையைத் தொல்லியற் குழுவொன்று திறக்கின்றது. அறிவை நாடி வந்தோர் சிலர். அக்குழுவினுள்ளேயே அவர்களின் ஆற்றலைத் தம் ஆதிக்கத்துக்குப் பயன்படுத்த விழைவோர் வேறு சிலர். எகிப்தியக் கல்லறைகள் பற்றிய மேலைநாட்டுக் கதை மரபு இங்கு விண்வெளிக்குப் பெயர்ந்துள்ளது எனலாம்.

கல்லறையைப் பற்றிய இக்கதைக்கும் ஒரு கல்லறை காத்திருந்தது. அக்காலத்தில் ஒளிநாடா விலை மிக்கது. அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தத் தக்கது. நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாடுகள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வர்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளின் வாணிக மதிப்புக் குன்றிற்று. வீடுகளில் ஒளிப்பேழை பார்க்கும் வழக்கமும் அன்று தோன்றியிருக்கவில்லை. எனவே மூல நாடாக்கள் அழிக்கப்பட்டன. வெளிநாட்டு விற்பனைக்கென எடுக்கப்பட்ட படச்சுருட் பிரதிகளும் 1970களில் வீசப்பட்டன. இவ்வழிவுக்குப் பகைமை காரணமன்று. எதனைக் காப்பது என்ற பொறுப்பு எப்பிரிவினரிடமும் முழுமையாக ஒப்படைக்கப்படாமையே காரணமாகும்.

மூலம் மறைந்த இடத்தில் நினைவு ஆட்சி செய்தது. சிறு வயதில் இதனைக் கண்டோர் ஒப்பற்ற படைப்பென இதனைப் போற்றினர். மறுத்துரைப்பதற்குச் சான்று எவரிடமும் இருக்கவில்லை. இந்நிலையில், ஹொங்கொங்கிலிருந்த ஒளிபரப்பு நிறுவனமொன்றிடம் நான்கு பகுதிகளின் படச்சுருள்களும் எஞ்சியிருந்தமை தெரியவந்தது. அவை இலண்டனுக்கு மீண்டு, 1992இல் ஒளிப்பேழையாக வெளிவந்தன.

மீண்டு வந்த மூலம் பழைய புகழைச் சோதித்தது. உறைந்த அறைகளைக் கிழித்துக்கொண்டு சைபர்மனிதர் எழும் காட்சி தன் வலிமையை இழக்கவில்லை. தந்தையை அண்மையில் இழந்த விக்டோரியாவுக்கு, பிரிந்தோர் நினைவில் துயில்வர், வேண்டும்போது எழுவர் என டொக்டர் ஆறுதல் கூறும் காட்சியும் அத்தகையதே. உணர்ச்சியற்றோரைப் பற்றிய கதையின் நடுவே மனித உணர்வின் மதிப்பை அது நிறுவுகின்றது. அதே வேளை, டோபர்மன் என்னும் கறுப்பினப் பாத்திரம் பேச்சுக் குறைந்த, உடல் வலிமையே அடையாளமான பணியாளனாகப் படைக்கப்பட்டுள்ளமையும் தெளிவாயிற்று. பேரரசு கலைந்துகொண்டிருந்த காலத்திலும் அப்பேரரசின் மனப்பாங்கு கலையவில்லை என்பதற்கு இப்பாத்திரம் சான்று பகர்கின்றது. போற்றுவோரின் நினைவு இதனைப் பேணி வைக்கவில்லை. படச்சுருளே பேணி வைத்தது.

மையத்தில் அழிந்தது தொலைவிடத்தில் எஞ்சியமையும் நோக்கற்பாலது. 2013இலும் இதே தொடரின் 'உலகின் எதிரி' என்ற கதை முழுமையாகவும், 'அச்ச வலை' என்ற கதையின் பெரும்பகுதியும் நைஜீரியாவின் ஜொஸ் நகரிலிருந்து மீட்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. இவை திட்டமிட்ட காப்பின் பயனல்ல. எவரும் வீசாது விட்டமையின் பயன்.

தன் காலத்து ஆக்கங்களுள் எது பயனுடையது என்று ஒரு தலைமுறை தானே தீர்ப்பளித்து, ஏனையவற்றை அழிக்குமாயின், அடுத்த தலைமுறையின் வினாக்களையும் அது சேர்த்தே அழித்துவிடுகின்றது. மதிப்பிடுதல் பின்வருவோர் கடன். அதற்கு வேண்டிய மூலத்தைக் காத்தல் முன்னிருப்போர் கடன்.