கவுல் காத்த ஏரி

செங்கற்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தொண்டை மண்டலத்தில் சிற்றேரியைத் தாங்கல் என்று வழங்குவர். அக்காலத்து நிலக்கிழார்கள் இங்கு வேட்டையாட வந்ததால் வேடனின் தாங்கல் எனப் பெயர் அமைந்தது என்பர். வேட்டையால் பெயர் பெற்ற ஊரே வேட்டையைத் தடுத்த ஊராகவும் வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. இம்மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நன்று.

ஏரி பெரியதன்று, ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். மதுராந்தகம் பேரேரியைக் கண்டவர்கள் இதனைக் குட்டை என்றுகூடச் சொல்லக்கூடும். ஆயினும் வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் நிறைந்ததும், நீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் கிளைக்குக் கிளை கூடுகளைத் தாங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா எனப் பல இனங்கள் அங்குக் குஞ்சு பொரிக்கின்றன. வடபுலங்களிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பறவைகள் பல்லாயிரமாகப் பெருகும்.

இப்பறவைகளை ஊரார் காத்ததன் காரணம் ஏரிக்கரைக்குக் கீழே, வயலில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகள் பல மாதங்கள் நீரின் மேல் வாழும்போது அவற்றின் எச்சம் முழுவதும் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. மதகைத் திறந்தால் பாய்வது வெறும் தண்ணீரன்று, உரம் கலந்த தண்ணீர். ஆயக்கட்டு வயல்களில் நெல் செழித்ததை உழவர் கண்கூடாகக் கண்டனர். வேதியியல் உரம் என்பதையே உலகம் அறியாத காலத்தில், விலையில்லா உரம் வானிலிருந்து வந்து இறங்கியது. பறவை போனால் விளைச்சலும் போகும் என்பதை அவர்களுக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இதனைத் தன்னலம் என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. நமக்கு அக்கருத்து உடன்பாடன்று. நெல்லும் பறவையும் ஒரே நீரை நம்பியிருப்பதை உணர்ந்து, அந்த உணர்வுக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகக் கையை அடக்கிக்கொள்வது எளிய செயலா? பசித்த வீட்டின் வாசலில் கொழுத்த பறவை வந்து அமர்ந்திருந்த காலங்களும் இருந்திருக்குமே!

இனி வரலாற்றுக்கு வருவோம். 1763இல் ஆர்க்காட்டு நவாபு இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு நேர்ந்தது. ஊர்கள் பாழாயின, ஏரிகள் பழுதடைந்தன. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் பெரிதும் முனைந்தார். ஏரி செழித்தால்தான் வரி வரும் என்ற கணக்கும் அதில் உண்டு. மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்தபோது இராமரும் இலக்குவரும் வில்லேந்திக் கரையைக் காத்து நிற்பதைக் கண்டதாக ‘ஏரி காத்த இராமர்’ கோயில் வரலாற்றில் பேசப்படும் வெள்ளைத்துரை இவரே. மக்கள் ஓர் ஆங்கில அதிகாரியைத் தங்கள் தலவரலாற்றுக்குள்ளேயே இடம் கொடுத்து ஏற்றுக்கொண்டனர் என்றால், ஏரி அவர்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

அக்காலத்தில் ஆங்கிலச் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் திரண்டு சென்று ஆட்சியரிடம் முறையிட்டனர். அவரும் கூடு கட்டும் பறவைகளுக்கு எவரும் தீங்கு செய்யலாகாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கவுல் என்பது நிலவருவாய்த் துறையில் வழங்கிய சொல். குடிகளுக்கு அரசு எழுதித் தரும் உறுதிமொழியே கவுல். பறவையைக் காக்கும் உரிமையை, நிலத்திற்குப் பட்டா கேட்பதுபோல், எழுத்தில் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள் இவ்வூரார். துப்பாக்கி ஏந்திய அரசிடமே துப்பாக்கிக்கு எதிராக எழுதி வாங்கிய துணிவு நம்மை வியக்க வைக்கிறது.

1858இல் செங்கற்பட்டு ஆட்சியர் அவ்வுரிமையை மீண்டும் ஆணையால் உறுதி செய்தார். கம்பெனியிடமிருந்து ஆட்சி அரசியாரின் கைக்கு மாறிய ஆண்டும் அதுவே. பின்னர் 1962இல் ஏரி வனச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. 1998இல் வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வேடந்தாங்கல் தனித்து நிற்கவில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்க்கின்றனர். பறவை வராத ஆண்டு ஊருக்கு ஆகாத ஆண்டு என்பது அவர்களது நம்பிக்கை. அவ்வூர் 1994இல்தான் சரணாலயமானது. மக்களின் காவலோ அதற்கு மிகவும் முற்பட்டது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடிக்காக ஏங்கும் சிறுவர்களைச் சமாதானப்படுத்துவது அவ்வூர்த் தாய்மாருக்கு எளிய வேலையாக இராது!

எனினும் ஏரியைச் சுற்றிய உலகம் மாறிவிட்டது. உரம் இன்று கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது. வயல்கள் மனைகளாகும் இடங்களில் மதகைத் திறக்கவே தேவையில்லை. எச்சம் கலந்த நீருக்கு மதிப்பு இருந்தவரை ஒவ்வோர் உழவரும் காவலரே. அம்மதிப்பு குறைந்தால் சம்பளம் பெறும் காவலர் மட்டுமே எஞ்சுவார். சட்டம் வலுப்பெற்ற அதே காலத்தில் ஊருக்கும் பறவைக்கும் இடையிலான பழைய கொடுக்கல் வாங்கல் தளர்கிறது. இதனைத்தான் நாம் கவலையோடு நோக்குகிறோம்.

மேலும், கூடு இங்கே இருந்தாலும் இரை இங்கே இல்லை. 30 ஹெக்டேர் ஏரி பல்லாயிரம் குஞ்சுகளுக்கு எங்ஙனம் உணவளிக்கும்? தாய்ப்பறவைகள் பல கல் தொலைவு பறந்து, சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தேடுகின்றன. இதனால்தான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக வகுத்தனர். 2020இல் அந்த எல்லைக்குள் பாதுகாப்பைத் தளர்த்தும் முன்மொழிவு எழுந்தபோது சூழல் ஆர்வலரிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மரத்தையும் கூட்டையும் மட்டுமே காத்தால் போதும் என்று எண்ணுவோர் ஒரு மாலை வேளையில் ஏரிக்கரைக்குச் சென்று நிற்கட்டும். எத்திசைகளிலிருந்தெல்லாம் அப்பறவைகள் திரும்பி வருகின்றன என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கலாம்.