இராமானுஜனின் நீள்வட்டச் சுற்றளவும் குறை உந்துவிசையில் மாறும் சுற்றுப்பாதையும்

நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு இராமானுஜன் 1914இல் வெளியிட்ட தோராய வாய்பாட்டைக் கோள்களின் பாதையோடு சேர்த்துப் படிக்கும் வழக்கம் உண்டு. மையத்தொலைத் தகவு என்ற சொல்லைக் கண்டதும் வானியல் நினைவுக்கு வருவது இயல்பே. மூலம் அதற்கு இடம் தரவில்லை என்பது என் கருத்து.

வாய்பாடு வருவது பை எண்ணின் தோராயங்களைப் பற்றிய கட்டுரையில். பிழையின் அளவை மையத்தொலைத் தகவின் 20ஆம் அடுக்கில் தருகிறார். அத்தகவுக்கு அவர் இட்ட எழுத்து 'கே'. நீள்வட்டத் தொகையீடுகளின் மட்டுக்கும் அக்கட்டுரையில் அதே எழுத்துதான். வாய்பாட்டைப் பட்டறிவால் அடைந்ததாகச் சொல்கிறாரே தவிர, எந்தக் கோளையும் அங்கே சுட்டவில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் உருவான குறிப்பேடுகளும் இதற்கே துணை நிற்கின்றன: இரண்டாம் குறிப்பேட்டின் 18ஆம் அத்தியாயத்தில் சுற்றளவு இடம்பெறுவது நீள்வட்டச் சார்புகளுக்கு நடுவே. குறியீட்டை மட்டும் கொண்டு ஒருவரின் மனத்தை முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் இயற்பியலும் அதே பக்கம் நிற்கிறது. கெப்ளர் இயக்கத்தில் காலத்தை நிர்ணயிப்பது அரை நெட்டச்சு, இடத்தை நிர்ணயிப்பது பரப்பு. சுற்றளவு எங்குமே தேவைப்படுவதில்லை.

அது தேவைப்படும் இடம் வேறு. விண்கலத்தின் மின் உந்துபொறி, திசைவேகத்தின் போக்கிலேயே மாறாத சிறு முடுக்கத்தைத் தருவதாகக் கொள்வோம். விசை செய்யும் வேலை, விசையைப் பாதை நீளத்தால் பெருக்கியது. ஒரு சுற்றில் பாதை அதிகம் மாறாதாகையால், ஒரு கிலோவுக்குக் கூடும் ஆற்றல் முடுக்கத்தையும் சுற்றளவையும் பெருக்கினால் கிடைக்கும். இதை எளிய உண்மை என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுவே மையம்.

பூமியின் மேற்பரப்பிலிருந்து 200 கி.மீ. அண்மையும் 35,786 கி.மீ. சேய்மையும் கொண்ட பாதைக்கு வாய்பாடு சுமார் 1,30,026 கி.மீ. தருகிறது, பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 2,000 கிலோ கலத்தில் 0.3 நியூட்டன் உந்துவிசை என்றால், பத்தரை மணி நேரச் சுற்று ஒவ்வொன்றிலும் அரை நெட்டச்சு ஏறத்தாழ 58 கி.மீ. வளரும்.

மிகத் தட்டையான நீள்வட்டத்துக்கு வாய்பாடு உதவாது என்பர். கோடாகவே நசுங்கினாலும் பிழை 0.04 விழுக்காடுதான். பூமியின் நிழலில் பொறி அணைந்தால் அந்த வில்லைக் கழித்துக்கொள்ளலாம். கணினி இருக்கத் தோராயம் எதற்கு என்ற கேள்வி என் வாதத்தைத் தொடவே இல்லை; சுற்றளவு எங்கே தேவைப்படுகிறது என்பதே என் வாதம்.

ஒளியின் அழுத்தத்தால் உந்தப்படும் சூரியப் பாய்க்கும் இதை நீட்டலாம் என்பதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். சூரியனை நோக்கியே நிற்கும் பாயின் மீதான விசைக்குத் திசை மாறுவதில்லை. அது ஒரு முழுச் சுற்றில் செய்யும் நிகர வேலை சுழியம். 2019இல் ஏவப்பட்ட லைட்செயில்-2 தன் 32 சதுர மீட்டர் பாயைச் சுற்றுக்கு இருமுறை திருப்பியது இதனால்தான். சூரியனை விட்டு விலகும் பாதியில் மட்டும் பாய் ஒளியை ஏற்றால், கிடைக்கும் ஆற்றலை அளப்பது ஒளியின் திசையில் பாதைக்குள்ள அகலம். அதற்கு ஒரு வர்க்கமூலம் போதும். நீள்வட்டத் தொகையீடு வராது. வாய்பாட்டின் இடம், 2017 மே 5இல் ஜிசாட்-9 செயற்கைக்கோள் சுமந்து சென்றது போன்ற செனான் உந்துபொறிகளின் பக்கம்.