சாரல்

‘சார்’ என்னும் வினையடியில் பிறந்த பெயர் இது. சார்தல் என்றால் அடுத்திருத்தல், ஒட்டியிருத்தல். சங்கப் பாடல்களில் சாரல் மழையன்று, மலைச்சரிவு. குறுந்தொகை 3ஆம் பாட்டில் கருங்கொம்புக் குறிஞ்சி பூப்பது அத்தகைய சாரலில்தான். மலையை ஒட்டிய நிலத்தின் பெயர், பின்னாளில் அந்த மலையிலிருந்து காற்று அள்ளிவரும் நீர்த்துளிக்கும் ஆகிவந்தது. எவ்வளவு பொருத்தமான இடப்பெயர்ச்சி!

கம்பம் பள்ளத்தாக்கில் நின்றால் இரு பொருளும் ஒருசேர விளங்கும். மே மாதக் கத்திரி வெயிலில் தேனி, சின்னமனூர்த் தெருக்கள் கொதிக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் மேகங்கள் கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் குமுளி மலை தாண்டிக் கூடலூர், கம்பம் பக்கம் வீசும். வெயில் தணிய அந்த மிச்சமே போதும். தூறல் நேராக விழும். சாரல் சாய்ந்து வந்து திண்ணை வரை நனைக்கும். அதனால்தான் ‘சாரல் அடிக்குது’ என்கிறோம், மழைக்குத்தான் ‘பெய்யுது’.

மழைமானியில் சாரல் பெரிதாகப் பதியாது. ஆனால் இங்கே சாரலடிக்கும் நாளில் மலைக்கு அப்பால் பெரியாற்று நீர்ப்பிடிப்பில் பெருமழை பெய்துகொண்டிருக்கும். 1895 முதல் அந்த நீர்தான் சுரங்கம் வழியே வந்து இப்பள்ளத்தாக்கின் நெல்வயல்களை நனைக்கிறது.