‘செக் இன்ஜின்’ லைட் எரியுதா? ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில 14 கி.மீ கிரிவலம் முடிச்சு, கால் வலியோட காரை எடுக்குறீங்க. நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து செங்கம் ரோட்டைப் பிடிக்கும்போது, டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரியுது. மறுநாள் ஒர்க்‌ஷாப் போனா, “ஆக்ஸிஜன் சென்சார் போச்சு தம்பி, மாத்திடலாம்” என்கிறார் மெக்கானிக்.

உடனே தலையாட்டாதீங்க. தேவையில்லாம மாத்தினா சில ஆயிரம் ரூபாய் வீண். உண்மையிலேயே பழுதாகி, கண்டுக்காம விட்டாலோ, அதைவிட விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகலாம்.

என்ன வேலை செய்யுது?

பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும். புகை வெளியேறும் பைப்பில், மீதமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து இசியூவுக்குச் சொல்லும். பெட்ரோலைக் கூட்டணுமா, குறைக்கணுமான்னு இசியூ அதை வெச்சு முடிவு பண்ணும். பாஷ் நிறுவனம் தயாரித்த இந்த சென்சார், 1976-ல் வால்வோ காரில் அறிமுகமானது. இன்றைய பிஎஸ்6 பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு இருக்கும்: கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

எது பழுதுன்னு எப்படித் தெரியும்?

மைலேஜ் குறையும். ஐடிலிங்கில் வண்டி தடுமாறும். பெட்ரோல் வாடை, கரும்புகை வரலாம். ஆனா, இதுக்கெல்லாம் வேற காரணங்களும் உண்டு. அதனால, ஸ்கேனரில் வந்த கோடு நம்பரைக் கேளுங்க.

* பி0130 முதல் பி0135 வரை: முன் சென்சார்
* பி0136 முதல் பி0141 வரை: பின் சென்சார்
* பி0135, பி0141: சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்
* பி0420: கன்வெர்ட்டரின் திறன் குறைவு. இதுக்கு சென்சாரை மட்டும் மாத்தினா போதும்னு நினைக்காதீங்க.

கோடு, பிரச்னை இருக்கும் இடத்தைத்தான் காட்டும், காரணத்தை இல்லை. ஃபியூஸ், எலி கடிச்ச வயர், துருப்பிடிச்ச கனெக்டர், புகைக்குழாய் லீக்... இதையெல்லாம் முதலில் பார்க்கச் சொல்லுங்க. சாதாரண வகை முன் சென்சார் என்றால், சூடான இன்ஜினில் 0.1 - 0.9 வோல்ட்டுக்குள் வேகமா ஏறி இறங்கணும். ஒரே இடத்தில் நின்னா சந்தேகம்தான். சில கார்களில் உள்ள வைடுபேண்ட் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாத்தும்போது...

1. வாரன்ட்டி இருந்தா சர்வீஸ் சென்டருக்கே போங்க.
2. இன்ஜின் ஆறட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க, ஸ்டாண்ட் அவசியம்.
3. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்க. கனெக்டரின் லாக்கை விடுவிச்சுக் கழற்றணும். வயரை இழுக்கக் கூடாது.
4. 22 மி.மீ சென்சார் சாக்கெட்டால் திருகுங்க. இறுகியிருந்தா, துரு இளக்கும் ஸ்பிரே அடிச்சுக் காத்திருங்க.
5. பார்ட் நம்பரைச் சரிபார்த்து, புதுசை முதலில் கையால் திருகி, பிறகு இறுக்குங்க. முனையில் கிரீஸோ, ஆயிலோ படக் கூடாது.
6. கோடை அழிச்சுட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.

பழைய சென்சாரைக் கையில் வாங்கிப் பாருங்க. முனையில் கரி படிஞ்சிருந்தா, பெட்ரோல் அதிகமா எரியுது. வெள்ளையா படிஞ்சிருந்தா, கூலன்ட் லீக் ஆகியிருக்கலாம். அந்த மூல காரணத்தைச் சரிபண்ணலைன்னா, புது சென்சாரும் சீக்கிரமே போயிடும்.

கடைசியா ஒண்ணு: லைட் நிலையா எரிஞ்சா நிதானமா ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டு விட்டு மின்னினா, வண்டியை ஓரங்கட்டி உதவிக்குக் கூப்பிடுங்க!