ரேகைச் சட்டமும் ரேஷன் மெஷினும்

மேலூர் பக்கம் ரேஷன் கடையில இப்போ பெரும்பாலும் விரல் வச்சாத்தான் அரிசி. தமிழ்நாட்டுல இந்த ஏற்பாடு 2020-ல் வந்தது. ரெண்டு நொடி வேலை, யாரும் பெருசா யோசிக்கிறதில்லை. ஆனா இதே மதுரை மாவட்டத்துல, விரல் ரேகை தர மாட்டோம்னு சொல்லி உயிர் விட்டவங்க இருக்காங்க.

கைரேகை போலீஸ் வேலைக்குன்னு பிறந்ததில்லை. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று மறுத்துவிடக் கூடாதே என்று முழுக் கையையும் மையில் பதியவைத்தார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. 1911-ல் திருத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றமே செய்யாதவரும், பிறந்த சாதிக்காகப் பட்டியலில் ஏறி ரேகை பதிக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பிறமலைக் கள்ளர் ஊர்களில் இதற்குப் பேரே 'ரேகைச் சட்டம்'தான். 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிக்கு அப்பால் பெருங்காமநல்லூர். ரேகை எடுக்க வந்த போலீசை ஊர் மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது.

அதையும் ரேஷன் மெஷினையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். அது கண்காணிப்பு, இது அரிசி. மெஷின் ரேகையை மறையாக்கம் செய்து ஆதார் ஆணையத்துக்கு அனுப்புது. அங்கிருந்து 'ஆமா' அல்லது 'இல்லை' திரும்பி வருது. ரேகையைக் கடையில் சேமிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க.

சிக்கல் வேற இடத்துல. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், பெருவிரலை மாத்த முடியுமா? 2018-ல் தெலங்கானாவில், இணையத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பரில் வார்த்து, சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். மெஷினை யாரும் உடைக்கலை. பழைய மைப்பதிவே போதுமா இருந்தது!

நம்ம கையில இருக்கிற வழி, ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கிறது. ரேஷன் வாங்கப் போகும்போது கொஞ்ச நேரம் திறந்துக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு யார் பூட்டித் தருவாங்கன்னு கேட்டா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை.