செய்குன்றும் இருபத்தேழு வீடுகளும்

கேம்பிரிட்ஜ் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறுவதே கல்வியின் எல்லை என நம் பாட்டன்மார் காலத்து இலங்கையிற் பலர் எண்ணியிருந்தனர். அந்நகருக்குச் செல்லும் நம்மவர் கல்லூரி முற்றங்களையும் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தையும் ஆற்றோரப் புற்றரைகளையும் கண்டு மனநிறைவுடன் திரும்புவர். பாலத்தைக் கடந்து வடமேற்கே சிறிது தூரம் நடந்தால் எதிர்ப்படும் மண்மேட்டை நாடுவோர் சிலரே. நாம் சென்றது அதனைக் காண்பதற்கே.

கோட்டை மேடு என்று அதற்குப் பெயர். ஆனால் கோட்டை எங்கே? மதிலில்லை, வாயிலில்லை, கொத்தளமில்லை. புல் மூடிய கூம்பு வடிவான குன்றொன்று, ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. கட்டணமில்லை, வளைந்து செல்லும் பாதையால் எவரும் ஏறலாம். இயற்கையான மேட்டு நிலத்தின்மீது மனிதர் மண் சுமந்து ஆக்கிய செய்குன்று இது.

1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மண்டிக் கோமகன் வில்லியம், 1068 இல் வடபுலத்துக் கிளர்ச்சியை அடக்கி, யோர்க்கிலிருந்து திரும்பும் வழியில் லிங்கன், ஹன்டிங்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய நகர்களிற் கோட்டைகளை எழுப்பினான். அக்கோட்டைகள் கல்லாலானவை அல்ல. வட்டமாக அகழி தோண்டி, தோண்டிய மண்ணை நடுவே குவித்து, உச்சியில் மரக் கோபுரம் நிறுத்தி, அடியிலுள்ள முற்றத்தை மர வேலியால் வளைத்துவிட்டால் வேலை முடிந்தது. சிற்பி வேண்டியதில்லை, மண்வெட்டியும், மறுக்க இயலாத மனிதரும் போதும். பேயோ திரைச்சீலையில் ஹேஸ்டிங்ஸ் கோட்டைக்கு மண் வெட்டுவோரைக் காணலாம். அவர்களுள் இருவர் மண்வெட்டிகளால் ஒருவரையொருவர் தாக்குவதுபோல் தைக்கப்பட்டுள்ளனர். அது வேடிக்கைக்காகத் தைத்தது என்பர் சிலர். கட்டாய உழைப்பின் சினம் தன்னைப் போன்றவன்மீதே முதலிற் பாயும் என்பதை அறிந்த எவருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றாது.

இக்குன்றின் விலை என்ன? விடையை வில்லியமின் அதிகாரிகளே எழுதிவைத்துள்ளனர். 1086 இல் எடுக்கப்பட்ட இறைக் கணக்கேடான டூம்ஸ்டே, கேம்பிரிட்ஜில் கோட்டைக்காக 27 வீடுகள் அழிக்கப்பட்டன எனக் குறிக்கிறது. லிங்கனிற் கோட்டையால் அழிந்தவை 166 வீடுகள். இரக்கத்தால் எழுதப்பட்ட வரிகளல்ல இவை. இறை செலுத்த ஆளில்லாத மனைகளின் கணக்கு. இறந்தோரும் தப்பவில்லை. 1810 இல் கோட்டையின் மண் அரணைச் சமப்படுத்தியபோது, நோர்மானியருக்கு முற்பட்ட கல்லறைப் பலகைகள் அதனடியில் வெளிப்பட்டன. வில்லியமின் அரண் இடுகாட்டின்மீது கொட்டப்பட்டிருந்தது!

வீடிழந்த நகரத்தார்மீது ஷெரிப்பாக, அதாவது அரசனின் வட்டார அதிகாரியாக, அமர்ந்தவன் பிக்கொட் என்பவன். முன்பு ஆண்டுக்கு மூன்று முறை ஏர்களை இரவல் கொடுத்த மக்களிடம் இவன் ஒன்பது முறை கேட்டான். வண்டிச் சேவையைப் புதிதாகச் சுமத்தினான். பொது மேய்ச்சல் நிலத்தைப் பறித்தான். அவன் கட்டிய மூன்று ஆலைகளால் மேலும் பல வீடுகள் அழிந்தன. நகரத்தாரின் இம்முறையீடுகள் யாவும் அதே டூம்ஸ்டேயில் உள்ளன. அயலிலிருந்த ஈலி மடத்துத் துறவிகளும் அவனால் நிலமிழந்தவர்களே. சிங்கம், ஓநாய், நரி, பன்றி, நாய் என ஐந்து விலங்குகளை அழைத்தும் அவனை வருணித்து அவர்களுக்கு ஆத்திரம் தீரவில்லை.

மரக் கோட்டையைக் கற்கோட்டையாக்கும் பணியை முதலாம் எட்வேட் 1284 இல் தொடங்கினான். அக்கற்கள் நெடுங்காலம் அங்கிருக்கவில்லை. ஆறாம் ஹென்றி 1441 இல் கிங்ஸ் கல்லூரி கட்டக் கோட்டைக் கல்லைக் கொடுத்தான்; பின்னர் வேறு கல்லூரிகளும் பிரபுவின் மாளிகையொன்றும் பங்கு பெற்றன. கல்லுக்கு விலையுண்டு, ஆகவே அது போயிற்று. மண்ணை எவர் களவாடுவர்? 1643 இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையும் இங்கே மண் அரண்களையே அமைத்தது. அவற்றின் எச்சத்தையும் அருகிற் கண்டோம். எஞ்சி நின்ற வாயிற் கட்டடம் சிறைச்சாலையாகி, 1842 இல் இடிக்கப்பட்டது.

உச்சியில் நின்று தெற்கே நோக்கினால் கல்லூரிக் கோபுரங்கள் தெரிகின்றன. அவற்றினிடையே புனித மேரி தேவாலயக் கோபுரத்தைத் தேடினோம். அதன் அருகிலுள்ள சந்தை வெளியிலேதான் 1381 ஜூனில், குடியானவர் எழுச்சியின்போது, நகரத்தார் பல்கலைக்கழகத்தின் சாசனங்களைக் கொளுத்தினர். கல்வியின் பகைவர் எனப் பின்வந்தோர் பழித்தனர். அவர்கள் கொளுத்தியவை நகரத்தின்மீது பல்கலைக்கழகத்துக்கு அதிகாரமளித்த உரிமைப் பத்திரங்கள். எழுச்சி ஒடுக்கப்பட்டபின் 1382 இல் அரசன் அளித்த தண்டனையே அதற்குச் சான்று: ரொட்டி, மது, நிறை, அளவை ஆகியவற்றின்மீதான மேற்பார்வை நகரத்தாரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது.

இறங்கி வருகையில், அடிவாரத்தில் புனித கைல்ஸ் தேவாலயம் நிற்கிறது. மனைவி நோயிலிருந்து பிழைத்தமைக்கு நேர்த்திக்கடனாகப் பிக்கொட் 1092 இல் நிறுவிய தேவாலயம் அது. இன்றுள்ள கட்டடம் 1875 இல் எழுந்தது. நிறுவியவன் பெயரும், அவன் மனைவி ஹியூகோலினாவின் பெயரும் வரலாற்றில் உண்டு. அந்த 27 வீடுகளிற் குடியிருந்தோர் பெயர் ஒன்றையேனும் டூம்ஸ்டே தரவில்லை. தேவாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. நாம் பாலத்தை நோக்கி நடந்தோம்.