மூன்று முறை அனுமதியும் ஒரு சாட்சியும்

கலீஃபா உமர் (ரழி) அவர்களின் இல்லத்திற்கு ஒரு நாள் அபூமூஸா அல்அஷ்அரி (ரழி) அவர்கள் வந்தார்கள். வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டார்கள், மூன்றாம் முறையும் கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிச் சென்றுவிட்டார்கள். வேறொரு அலுவலில் மூழ்கியிருந்த உமர் (ரழி) அவர்களுக்குச் சற்று நேரம் கழித்தே அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. ஆளனுப்பி அழைத்துவரச் செய்து, ஏன் திரும்பிப் போனீர் என்று கேட்டார்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்த முறை என்று அபூமூஸா (ரழி) விடையளித்தார்கள்.

அந்த விடையோடு விஷயம் முடிந்திருக்கலாம். சொன்னவர் சாதாரண மனிதர் அல்லர், நபித்தோழர். சொன்ன செய்தியும் யாருக்கும் தீங்கு செய்யாத, நாகரிகமான ஒரு வழக்கம். ஆனால் உமர் (ரழி) அவர்கள் இதற்கு ஒரு சாட்சியைக் கொண்டுவர வேண்டும் என்றும், இல்லாவிட்டால் தண்டனை உண்டு என்றும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

கலக்கத்தோடு அபூமூஸா (ரழி) அன்ஸாரிகள் அமர்ந்திருந்த அவைக்குச் சென்று நடந்ததைச் சொன்னார்கள். நம்மில் மிகவும் இளையவரே இதற்கு எழுந்து போனால் போதும் என்று உபை பின் கஅப் (ரழி) கூற, அவையில் இளையவராயிருந்த அபூஸயீத் அல்குத்ரீ (ரழி) எழுந்து சென்று, தாமும் அந்த நபிமொழியைக் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். உமர் (ரழி) ஏற்றுக்கொண்டார்கள். கடைவீதி வியாபாரம் தம்மை இந்த அறிவிலிருந்து திசைதிருப்பிவிட்டது என்று வெளிப்படையாகவும் சொன்னார்கள். இந்நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

மத்ரஸாவில் ஹதீஸ் கலைப் பாடத்தில் நாம் இதைச் செய்தியைச் சரிபார்த்தலுக்குச் சான்றாக நடத்துவோம். ஃபிக்ஹ் பாடத்திலோ வீட்டுக்குள் நுழையும் ஒழுங்குக்குச் சான்றாக நடத்துவோம். இரு பாடங்களும் வேறு வேறு மணி நேரத்தில் வருவதால் மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். உமர் (ரழி) சாட்சி கேட்ட அந்தச் செய்தியே மனிதனின் அந்தரங்கத்தைக் காக்கும் செய்திதான். அது நல்ல செய்தி, தேவையான செய்தி. அதனால் விசாரணையின்றி ஏற்கலாம் என்ற சலுகை அதற்குத் தரப்படவில்லை.

அந்தரங்கம் என்பது அந்தச் சமூகத்தில் எவ்வளவு கூர்மையாக உணரப்பட்டது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் அறையில் இரும்புச் சீப்பொன்றால் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது ஒருவர் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதை உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கடிந்த நபியவர்கள், அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) இதை அறிவிக்கிறார்கள்.

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரை ஓதிப் பார்ப்போர் மேலும் ஒன்றைக் காண்பர். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூற்றை நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்களைக் கண்டிக்கும் வசனங்கள் 11 முதல் தொடங்குகின்றன. அடுத்தவர் வீட்டில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதீர்கள் என்ற கட்டளை 27ஆம் வசனத்தில் வருகிறது. விசாரியாமல் செய்தி பரப்புவதும் அனுமதியின்றி வீட்டுக்குள் நுழைவதும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே வைத்துத் தடுக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் மீறப்படுவது ஒரே எல்லைதான் என்று நாம் கருதுகிறோம்.

அவதூறு பரவிய அந்நாட்களில் அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரழி) அவர்களின் வீட்டில் நடந்த உரையாடலை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். மக்கள் பேசிக்கொள்வதைக் கேட்டீர்களா என்று மனைவி உம்மு அய்யூப் கேட்டார். கேட்டேன், அது பொய் என்றார் கணவர். நீ அப்படிச் செய்வாயா என்று அவர் திருப்பிக் கேட்க, அல்லாஹ்வின்மீது ஆணையாக மாட்டேன் என்றார் மனைவி. அப்படியாயின் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் என்று கணவர் பேச்சை முடித்துவிட்டார். செய்தி அந்த வீட்டின் வாசற்படியைத் தாண்டி மேலே போகவில்லை.

இதே அபூஅய்யூப் (ரழி) முதுமையில் ஒரே ஒரு ஹதீஸுக்காக மதீனாவிலிருந்து எகிப்து வரை பயணம் செய்ததாக வரலாறு கூறுகிறது. அந்த ஹதீஸைத் தாமும் நபியவர்களிடம் கேட்டவர்தாம். ஆயினும் அதைக் கேட்டவர்களில் தம்மைத் தவிர உக்பா பின் ஆமிர் (ரழி) மட்டுமே எஞ்சியிருந்ததால், அவருடைய வாயிலிருந்து மீண்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள விரும்பினார்கள். எகிப்தின் ஆளுநர் மஸ்லமா பின் முகல்லத் (ரழி) அவர்களிடம் வழி கேட்டு, உக்பாவைச் சந்தித்து, ஹதீஸைக் கேட்டு, வந்த வாகனத்திலேயே உடனே மதீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த ஹதீஸ் எது? ஒரு முஃமினின் குறையை உலகில் மறைத்தவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்ற கருத்துடையது. இதுவும் அந்தரங்கம் பற்றிய செய்திதான்!

இப்பயண வரலாற்றின் அறிவிப்பாளர் தொடரில் விமர்சனம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹதீஸின் மூலக்கருத்தோ வேறு வலுவான வழிகளில் ஸஹீஹ் நூல்களில் வந்துள்ளது. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ, ஹதீஸ் தேடிச் சென்ற இத்தகைய பயணங்களுக்கென்றே தனி நூல் தொகுத்தார். பயணக் கதையையும் தொடரோடுதான் தந்தார், பின்வருவோர் எடைபோட்டுக் கொள்ளட்டும் என்று.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வரலாறும் இத்தகையதே. உமர் (ரழி) இரவில் சுவரேறிக் குதித்து ஒருவரை மதுவோடு பிடித்ததாகவும், நான் செய்த தவறு ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று என்று அவர் வசனங்களைக் காட்டி வாதிட்டதாகவும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையானது. ஆனால் தொடரில் அறுபடல் உள்ளதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். இதைவிட உறுதியாக வந்திருப்பது நாடகச் சுவை குறைந்த வேறொரு நிகழ்ச்சி. இரவுக் காவலின்போது விளக்கெரியும் ஒரு வீட்டில் குடிப்போரின் சத்தம் கேட்கிறது. உடனிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி), துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்ததையே நாம் செய்துவிட்டோம் என்கிறார். உமர் (ரழி) பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். சுவரேறும் கதையே ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. இது நூலுக்குள்ளேயே இருக்கிறது.

இனி நம் காலத்திற்கு வருவோம்.

2020 நவம்பர் 16 அன்று, வைஸ் நிறுவனத்தின் மதர்போர்ட் இதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடையோருக்குச் செல்லும் வழி அதில் விவரிக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட செயலி அது. செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர வெகுநேரம் ஆகவில்லை. வந்து சேர்ந்தபோது அது ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது: தொழுகைச் செயலி நம் தகவலை அமெரிக்க இராணுவத்திற்கு விற்கிறது, உடனே நீக்குங்கள்.

மூலச் செய்தி சொன்னது இதுவன்று. அதில் ஒரு தொடர் இருந்தது. செயலிக்குள் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்தின் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்தது. அதன் வழியே இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோடுக்குச் சென்றது. எக்ஸ்-மோட் அத்தகைய தகவலை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது. அவர்கள் வழியே அது இராணுவத்தை எட்டியது. இதிலிருந்து வேறாக, பேபல் ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தின் இருப்பிடம் காட்டும் கருவியை அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைப் படைப்பிரிவு நேரடியாக வாங்கியிருந்தது. இரண்டு தனித்தனி ஓடைகள். குழுக்களுக்கு வந்த வடிவத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. எக்ஸ்-மோடின் வலையில் புயலைக் காட்டும் செயலியும் நடையின் எட்டுகளை எண்ணும் செயலியும்கூட இருந்தன என்ற பகுதியோ முற்றிலும் காணாமல் போயிற்று.

ஹதீஸ் கலையில் இடையிலுள்ள அறிவிப்பாளரை மறைத்து, மேலுள்ளவரிடமிருந்து நேரடியாகக் கேட்டதுபோல் காட்டுவதைத் தத்லீஸ் என்போம். இடையாள் விடுபட்டால் என்ன நேரும் என்பதை மறுநாளே கண்டோம். தாங்கள் இராணுவத்திற்கு நேரடியாகத் தகவல் விற்பதாகச் சொல்வது பொய் என்று செயலி நிறுவனம் மறுத்தது. ஊரெங்கும் சுற்றிய ஒற்றை வரிக்கு அந்த மறுப்பு பொருத்தமான பதிலாகிவிட்டது. அதே வேளையில், எக்ஸ்-மோட் உட்படத் தகவல் பகிர்ந்த கூட்டாளிகளோடு உறவை முறித்துக்கொள்வதாகவும் அது அறிவித்தது. முதற்பகுதியை மட்டும் படித்தவர்கள் எல்லாம் வதந்தி என்று நிம்மதியடைந்தனர். மறுப்பையே படிக்காதவர்கள் எந்த இஸ்லாமியச் செயலியையும் தொடாதீர்கள் என்று தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தனர். நம் வணக்கத்தின் நேரமும் இடமும் யார் யார் கைமாறிச் சென்றன என்ற உண்மையான கேள்வி இவ்விரு கூட்டத்தாருக்கும் நடுவே கேட்பாரற்றுப் போயிற்று. எக்ஸ்-மோட் என்ற பெயர் அந்த ஒற்றை வரியில் இருந்திருந்தால், மறுப்பு எதை மறுக்கிறது, எதை மறுக்கவில்லை என்பது படித்த எவருக்கும் விளங்கியிருக்கும்.

அபூஅய்யூப் (ரழி) தேடிச் சென்ற ஹதீஸ் இதைவிட வலிமிகுந்த ஓரிடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலையில் ஒரு முறையும் 2022 ஜனவரி முதல் நாளில் மறுமுறையும், இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதுபோல் இணையத்தில் செயலி அமைத்து இழிவுபடுத்தினர். பாதிக்கப்பட்டோரில் செய்தியாளர்களும் சமூகப் பணியாளர்களும் இருந்தனர். இரண்டாம் முறை நூறு பேருக்கும் மேற்பட்ட பெண்கள் குறிவைக்கப்பட்டனர். காவல்துறை வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தது. செய்தி முற்றிலும் உண்மை. சமூகம் அறிந்து கொதிக்க வேண்டிய செய்திதான்.

ஆனால் அதைக் கண்டித்து அனுப்பப்பட்ட தகவல்களோடு ஸ்கிரீன்ஷாட்டுகளும் வந்தன. அவற்றில் அந்தச் சகோதரிகளின் முகங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன. கயவர்கள் தொடங்கியதை, கண்டனம் என்ற பெயரில் நாமே வீடு வீடாகக் கொண்டு சேர்த்தோம் என்றால் மிகையாகாது. உண்மையா என்று மட்டும் சரிபார்த்தால் இங்கே போதாது. படத்தை நீக்கிவிட்டு நடந்ததைச் சொன்னாலும் செய்தியின் வலு குறைந்திருக்காது. மறைக்க வேண்டியதை மறைத்துச் சொல்லும் இந்த முறையைத்தான் அந்த முதியவர் எகிப்து வரை சென்று உறுதிசெய்து வந்தார்.

இவ்வளவு விசாரணை செய்துகொண்டிருந்தால் எச்சரிக்கை தாமதமாகாதா, அதற்குள் கேடு நடந்துவிடாதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். உமர் (ரழி) கேட்ட சாட்சிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஓர் அவைக்குச் சென்று திரும்பும் நேரம். இன்று மூலச் செய்தியைத் தேடிப் படிக்க அவ்வளவுகூட ஆகாது. ஆங்கிலம் தெரியாதவர் தம் பிள்ளையிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்லலாம். மறுபுறம், சரிபார்த்தல் என்ற பெயரில் செய்தி சொன்னவரை அச்சுறுத்துவதும் முறையன்று. நபித்தோழர்களுக்கு வேதனையாகிவிடாதீர் என்று உபை பின் கஅப் (ரழி) கலீஃபாவிடமே நேருக்கு நேர் சொன்னார்கள். ஒன்றைக் கேட்டேன், அதை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினேன், அவ்வளவே என்பது உமர் (ரழி) அவர்களின் பதிலாக இருந்தது.

முஸ்லிம் ப்ரோ செய்திக்குத் தொடர்ச்சியும் உண்டு. 2020 டிசம்பரில் ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் மென்பொருளைத் தம் தளங்களிலுள்ள செயலிகளிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்து, மருத்துவமனை, வணக்கத்தலம் போன்ற இடங்களுக்கு ஒருவர் சென்றுவருவதைக் காட்டும் இருப்பிடத் தகவலை விற்பதற்குத் தடை விதித்தது. பள்ளிவாசலுக்குச் செல்வோரின் தடம் விற்பனைப் பொருளாகக் கூடாது என்று ஓர் அரசு அமைப்பே சொன்ன செய்தி அது. 2020இல் அந்த ஒற்றை வரி வந்த குழுக்களில் இந்தச் செய்தியை நாம் காணவில்லை.

தொழுகை நேரத்தைக் கணக்கிட ஊரின் பெயரே போதும். பள்ளிவாசலில் தொங்கும் நேர அட்டவணை ஊரைக் கொண்டுதானே கணக்கிடப்படுகிறது? பெரும்பாலான தொழுகைச் செயலிகளில் ஊரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. கைபேசியின் அமைப்புகளில் இருப்பிடம் என்ற பகுதிக்குச் சென்றால், எந்தெந்தச் செயலிக்கு எப்போதும் அனுமதி இருக்கிறது, எதற்குப் பயன்படுத்தும்போது மட்டும் இருக்கிறது என்ற பட்டியல் தெரியும். வேண்டாதவற்றுக்கு அங்கேயே அனுமதியை மறுத்துவிடலாம்.